கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆஸ்திரேலிய ஓட்டு

ஓட்டுப் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்கும் தேசம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற செய்தி, எழுபதுகளின் தொடக்கத்தில், கார்ல்ஸ்ரூஹே மாணவர் விடுதியின் சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னவள் பக்கத்து அறை ஆஸ்திரேலியாக்காரி. ஆற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ச்சி செய்பவள். நாள் முழுக்க ஆய்வகத்துக்குள் ஓடும் ஒரு பொய் ஆற்றின் கரையில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் காலணி நிறைய நிஜ மணலோடு வருவாள். அவள் நாட்டில் இன்னும் சில நாட்களில் பொதுத்தேர்தல். ஓட்டுப் போடுவது அங்கே சட்டப்படி கடமை. போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று கேட்டுக் கடிதம் வரும். சொல்லும் காரணம் சரியில்லை என்றால் அபராதம். இவ்வளவையும் விளக்கிவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, தான் போடப்போவதில்லை என்றும் சொன்னாள்.

போயும் போயும் என்னிடமா இதைச் சொல்வது?

எங்கள் மாநிலத்தையே புரட்டிப் போட்ட தேர்தல் வந்தபோது எனக்கு இருபது வயது. மதுரையில் கல்லூரி. வீட்டில் திட்டத் திட்டத் தெருத்தெருவாக அலைந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வாளி தூக்கினேன். தொண்டை கட்டிப்போய், வீட்டில் சைகை காட்டிச் சோறு கேட்டேன். எல்லாம் செய்தேன், ஓட்டுப் போட மட்டும் முடியவில்லை. அதற்கு இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். வாக்குச்சாவடிக்கு வெளியே போட்டிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே போகிறவர்களை எல்லாம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது நான் ஜெர்மனியில், ரசாயன ஆய்வகத்தில் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஆக, விரலில் ஒரு தடவைகூட மை படாத ஒரு தேர்தல் பைத்தியம் நான். என் எதிரே ஒருத்தி, அரசாங்கமே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கும் ஓட்டை வேண்டாம் என்று ரொட்டி தின்கிறாள்.

அவளுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்றை உரக்கச் சொன்னாள், இன்னொன்றை மெதுவாக.

உரக்கச் சொன்னது எரிச்சல். அவள் தொட்டிலில் கிடந்தபோது ஆட்சிக்கு வந்த கூட்டணி இன்னும் இறங்கவில்லை. எதிர்க்கட்சியோ அத்தனை காலத்தையும் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு கழித்தது. அவள் தொகுதியில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரே பாலத்தை வாக்குறுதியாகக் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் பாலம் கட்டினால் அடி மணல் அரித்துக்கொண்டு போய்விடும் என்பது ஆறு படித்த அவளுக்குத் தெரியும். நிற்காத பாலத்தைக் கட்டாமல் இருக்கும் ஒரே காரியத்தைத்தான் இவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்றாள்.

மெதுவாகச் சொன்னது தம்பியைப் பற்றி. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அந்த நாட்டில் ஒரு குலுக்கல் வைத்திருந்தார்கள். தேதிகளைக் குறிக்கும் கோலிக்குண்டுகளை உருளையில் போட்டுச் சுழற்றி எடுப்பார்கள். எந்தத் தேதி வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்த இருபது வயதுப் பையன்கள் படைக்குப் போக வேண்டும். தம்பியின் பிறந்தநாள் வந்துவிட்டது. அவன் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிடிவாரண்டுக்குத் தப்பி யாரோ நண்பன் வீட்டில் ஒளிந்திருந்தான். அப்பா இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டவர். ஆளுங்கூட்டணிக்காக வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுப்பவர். மகன் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றுவிட்டார். எதிர்க்கட்சி, தாங்கள் வந்தால் இந்தக் கட்டாயப் படைச்சேர்ப்பை நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தது.

எந்தப் பக்கம் போட்டாலும் எங்கள் வீட்டில் ஒருவருக்கு எதிராகத்தான் போட வேண்டும் என்றாள். அப்போது தலைநகராக இருந்த பான் நகரத்துத் தூதரகத்துக்குப் போனால் ஓட்டுப் போடலாம். போகாவிட்டாலும், வெளிநாட்டில் இருந்தேன் என்று எழுதிவிட்டால் அபராதம் கிடையாது. அவள் எழுதப்போவது அதைத்தான்.

விடுதியில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பம்புகளில் ஆராய்ச்சி, கோயம்புத்தூர்க்காரர் வேறு எதில் ஆராய்ச்சி செய்வார்? நான் மூச்சிரைக்க ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், அவர் ஒரு பம்பைப் பார்ப்பது போலவே இதையும் பார்த்தார்: எங்கே அடைத்திருக்கிறது?

"ஏங் கண்ணு, அந்தப் புள்ளைகிட்ட யாராச்சும் வந்து ஓட்டுக் கேட்டாங்களா?"

"யாருண்ணே கேப்பா? ஆஸ்திரேலியாவுல இருந்து இங்க வந்தா கேப்பாங்க?"

"அதான் பாரு. வாசப்படி ஏறி வந்து கேக்காத வீட்ல எவன் ஓட்டுப் போடுவான்? நம்மூர்ல அப்பிடி விட்டா அந்தத் தெருவே ஓட்டுப் போடப் போகாதே."

எனக்குப் பொறி தட்டிவிட்டது. ஜெர்மானியராக இருந்தால் அவளை உட்கார வைத்து ஜனநாயகத்தின் அருமையை விளக்கியிருப்பார்கள். எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஒரு வாக்காளரிடம் யாருமே ஓட்டுக் கேட்கவில்லை, அது அவமரியாதை, அதை உடனே சரிசெய்ய வேண்டும். ஒரே ஒரு வாக்காளருக்காக முழுப் பிரச்சாரம் நடத்துவது என்று முடிவாயிற்று. நான் எதிர்க்கட்சியை எடுத்துக்கொண்டேன். எதிரே ஆள் இல்லாமல் என்ன எலெக்‌ஷன் என்று அவர் ஆளுங்கூட்டணியை எடுத்துக்கொண்டார்.

முதல் வேலை சுவர் பிடிப்பது. சமையலறையில் சுவர் முழுக்க அலமாரி. மிச்சமிருந்தவை இரண்டு குளிர்பெட்டிக் கதவுகள். நான் முந்திக்கொண்டு பெரியதன் மேல் காகிதம் ஒட்டி, என் கட்சிக்கு இது ஒதுக்கப்பட்டது என்று எழுதினேன். சின்னம் இல்லாமல் எங்கள் இருவருக்கும் கை ஓடவில்லை. கட்சி என்றால் சின்னம் இருந்தாக வேண்டுமே. அவளைக் கேட்டால், அப்படியெல்லாம் கிடையாது, ஓட்டுச்சீட்டில் பெயர்தான் இருக்கும் என்றாள். பெயரைப் படித்து எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. நானாக ஒரு தேநீர்க் கோப்பை வரைந்தேன். அவர், வேறென்ன, பம்பு வரைந்தார். எங்கள் தளத்தில் இருந்த ஜெர்மன் மாணவன் பாலை எடுக்க வந்து, குளிர்பெட்டியை எந்த நிறுவனம் வாங்கியிருக்கிறது என்று கேட்டான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. ஓட்டுரிமையைப் பதினெட்டு வயதுக்கு இறக்கிய பிறகு வந்த முதல் தேர்தலில், அந்த மாதம்தான் தன் முதல் ஓட்டைப் போட்டிருந்தான். வெளியே கம்பங்களில் அவர்களுடைய தலைவர்கள் இன்னும் மழையில் ஊறிக்கொண்டிருந்தார்கள். அவனை உடனே வேட்பாளர் ஆக்கினோம். ஆள் பற்றாக்குறையால் இரண்டு கட்சிக்கும் அவனே வேட்பாளர். பாத்திரம் துடைக்கும் துண்டைப் பொன்னாடையாகப் போர்த்தி, குழம்புச்சட்டி மூடியைத் தட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் அவள் அறை வாசல்வரை ஊர்வலமாகக் கூட்டிப்போனோம். தன்னுடைய கொள்கை என்ன என்று அவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அது வேட்பாளருக்குத் தெரிய வேண்டியதில்லை என்றேன். அதை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மறுநாள் பல்கலைக்கழக நூலகத்தில் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களைத் தேடிப் படித்துவிட்டு வந்து, எங்கள் இருவரையும்விடத் தெளிவாக இரு தரப்பையும் பேச ஆரம்பித்துவிட்டான்.

அவள் கதவைத் திறந்தாள். "வாக்காளப் பெருங்குடி மக்களே" என்று ஒற்றை ஆளைப் பார்த்து முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் முழங்கினேன். கையெடுத்துக் கும்பிட்டோம். உங்கள் பொன்னான வாக்கு என்றோம். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மடங்கி மடங்கிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாலம் என்னாயிற்று?" என்று வேட்பாளரைக் கேட்டாள். எனக்குப் புல்லரித்தது. கேள்வி கேட்கிறாள் என்றால் வாக்காளர் விழித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் பொதுக்கூட்டம். ஒருவர் பேச, மற்றவர் குறுக்கே கத்த, வேட்பாளன் முட்டை வேகவைக்கும் மணிக்கடிகாரத்தைத் திருப்பி வைத்து நேரம் பார்க்க, வாக்காளர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எல்லோரையும் கிழிப்பாள். விலைவாசி, கம்பளி, பள்ளிக்கூடம், பாலம். இரண்டு கட்சியையும் அவள் திட்டிய திட்டில் ஒரு உற்சாகம் வந்திருந்தது. தம்பி பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் கோயம்புத்தூர்க்காரர்தான் எடுத்தார். முக்காலி மேல் ஏறி, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் குரல் மாறியது. தன் அப்பாவும் இரண்டாம் உலகப்போருக்குப் போனவர் என்றார். வட ஆப்பிரிக்க மணலில் குண்டுச்சத்தத்தில் ஒரு காது போய்த் திரும்பியவர். யாராவது போர் தப்பு என்று பேசினால் எழுந்து வெளியே போய்விடுவாராம். கட்சியெல்லாம் அவருக்கு ஒன்றும் இல்லை. உன் காது வீணாகப் போனது என்று சொல்கிறார்கள் என்றுதான் அவருக்குக் கேட்குமாம். உன் அப்பா துண்டறிக்கை கொடுப்பதும் அதற்காகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும் முன்பே நிறுத்திக்கொண்டார்.

உருளைக்கிழங்கு உரிப்பது நின்றுவிட்டது.

என் முறை. ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களாக அடுக்கி ஒரு உரை தயாரித்து வைத்திருந்தேன். அத்தனையும் மறந்துவிட்டது. "உன் தம்பிக்கு இருபது வயசு. அவன்கிட்ட துப்பாக்கி கொடுப்பாங்க, இருபத்தொண்ணு ஆகலைன்னு ஓட்டுச்சீட்டு கொடுக்கமாட்டாங்க. உன்கிட்ட சீட்டு இருக்கு" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு தாளில் நாலு கட்டம் போட்டாள். ஆளுங்கூட்டணி ஆள், எதிர்க்கட்சி ஆள், எதிர்க்கட்சியிலிருந்து பிரிந்துபோன சின்னக் கட்சி ஆள், ஆடு வளர்க்கும் ஒரு சுயேச்சை. நாலு பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட வேண்டும். பிடித்தவனுக்கு ஒரு குறி போட்டுவிட்டு வர முடியாது. ஒரு கட்டத்தை விட்டாலும் சீட்டு செல்லாது. நான் அதிர்ந்துபோனேன். பிடிக்காதவனுக்கும் எண் போட வேண்டுமா? ஆமாம், அதுதான் எரிச்சல், வெறுக்கிறவனைக்கூட வரிசையில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாள்.

கோயம்புத்தூர்க்காரர் முக்காலியிலிருந்து இறங்கி வந்து தாளைக் குனிந்து பார்த்தார். வால்வைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

"அப்ப, உங்கப்பா ஆளுக்கு ரெண்டுன்னு போடலாமில்ல? எங்க ஊர்ல அந்த வசதி கெடையாது. ஒருத்தனுக்குக் குத்துனா மத்தவனுக்கு ஒண்ணுமே இல்ல."

நான் துள்ளி எழுந்தேன். "என்னண்ணே, கட்சிய வித்துட்டீங்களே!"

"விக்கல கண்ணு. ரெண்டாவது எடத்துக்குக் கூட்டணி பேசறேன்."

ஜெர்மன் வேட்பாளன், தன்னைக் கேட்காமல் தன் இடம் பேசப்படுவதாக ஆட்சேபித்தான். அவள் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். போச்சு, கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். கோட்டு, தொப்பி, கையுறையோடு நிற்கிறாள். பானுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள்.

ரயில் இருந்தது. ஆனால் வாக்காளரை வண்டியில் அழைத்துப்போவது கட்சிகளின் கடமை என்று கோயம்புத்தூர்க்காரர் அடம்பிடித்தார். அவரிடம் ஒரு கிழட்டு ஃபோக்ஸ்வேகன் வண்டுக் கார் இருந்தது. இஞ்சினில் எப்போதும் ஏதாவது கழன்றிருக்கும், அவரும் எப்போதும் அதை மாட்டிக்கொண்டிருப்பார். ஆளுங்கூட்டணி வண்டியில் ஏறிப் போய் எதிர்க்கட்சிக்குப் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம், தயங்காமல் ஏறு என்று நான் அவளை முன்னால் உட்கார வைத்தேன். பின்னால் நானும் எலுமிச்சைச் சாதத் தூக்கும். வேட்பாளனுக்குப் பரீட்சை, வாசலில் நின்று கையாட்டினான், பொன்னாடையோடு.

நெடுஞ்சாலையில் பனிமூட்டம். நான் பாடினேன், கோஷம் போட்டேன், கண்ணாடியில் கோப்பைச் சின்னம் வரைந்தேன். கோப்லென்ஸ் தாண்டியதும் அவள் திடீரென்று, திரும்பிப் போய்விடலாம் என்றாள். அப்பா முகம் நினைவுக்கு வருகிறதாம். கோயம்புத்தூர்க்காரர் வேகத்தைக் குறைத்தார். சரி என்றார். ரைன் ஆற்றோரம் ஒதுக்கி நிறுத்தி, திரும்புவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம் என்றார்.

வண்டிக்கு வெளியே குளிரில் நின்று, தூக்குமூடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. நிலக்கரிப் படகு ஒன்று எதிரோட்டத்தில் முக்கி முக்கிப் போயிற்று. அவள் வாயில் கடுகோடு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வளைவில் மணல் அந்தக் கரையில்தான் சேரும் என்று காட்டினாள். சிறுவயதில் அப்பா தன்னையும் தம்பியையும் ஆற்றுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது, தம்பி தூண்டிலில் தன் சட்டையையே மாட்டிக்கொண்டானாம். அன்று அப்பா சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு கேட்கவில்லையாம். மிச்சச் சாதத்தை வழித்துச் சாப்பிட்டாள். தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, "போகலாம், பானுக்கு" என்றாள்.

தூதரகத்தில் அதிகாரி எங்களைப் பார்த்து, நீங்கள் இருவரும் யார் என்றார். பிரச்சாரகர்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்படியானால் நீங்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார். எனக்கு அதில் அப்படி ஒரு ஆனந்தம். அங்கேயும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். வாசலுக்கு வெளியே நின்று குளிரில் குதித்துக்கொண்டே, நான் என் கட்சிக்கு வெற்றி என்றேன், அவர் தன் பம்பு ஜெயித்துவிட்டது என்றார்.

அவள் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து விரலைப் பார்த்தேன். மை இல்லை. அவர்கள் ஊரில் வைப்பதில்லையாம். இதென்ன தேர்தல்? என் பேனாவைத் திறந்து, கையுறையைக் கழற்றச் சொல்லி, நகத்தடியில் நானே ஒரு கோடு இழுத்தேன். வண்டி கொடுத்ததற்காகத் தனக்கும் வேண்டும் என்று கோயம்புத்தூர்க்காரர் விரலை நீட்டினார். எந்த எண்ணை யாருக்குப் போட்டாய் என்று கார்ல்ஸ்ரூஹே வரும்வரை நச்சரித்தோம். ரகசிய வாக்கு என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எதிர்க்கட்சி ஜெயித்தது. செய்தியைக் கொண்டுவந்தவன் எங்கள் வேட்பாளன்தான். தான் ஜெயித்துவிட்டதாகவும் தோற்றுவிட்டதாகவும் ஒரே மூச்சில் அறிவித்தான். கோயம்புத்தூர்க்காரர் முறைப்படி தோல்வியை ஒப்புக்கொண்டு எனக்குத் துண்டைப் போர்த்தினார். நான் குழம்புக் கரண்டியோடு ஆடினேன். சில நாட்களிலேயே புது அரசு கட்டாயப் படைச்சேர்ப்பை நிறுத்தியது. போக மறுத்துச் சிறையில் இருந்தவர்களை விட்டார்கள், வழக்குகளைக் கைவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்து அவளும் எங்களோடு சேர்ந்து கத்தினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். தம்பி இனி ஒளிய வேண்டாம். ஆனால் அவன் எங்கே போவான்? சட்டம் திறந்துவிட்ட கதவை அப்பா திறந்திருக்கிறாரா என்று எந்தச் செய்தித்தாளிலும் இல்லை.

ஒரு காலையில் தாழ்வாரத்துத் தொலைபேசி அடித்தது. வேட்பாளன் எடுத்து, ஆஸ்திரேலியா என்று அலறினான். அவள் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே நாங்களும் வெட்கமில்லாமல் போய் நின்றோம். எதிர்முனையில் அவள் அப்பா. கடல் கடந்து கத்தினால்தான் கேட்கும் என்று நினைத்தவர்போல் பேசினார். ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கும் கேட்டது. ஓட்டுப் போட்டாயா என்றார். போட்டேன் என்றாள். யாருக்கு என்றார். அவள் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"உங்க ஆளுக்கு ரெண்டு போட்டேன், அப்பா."

கோயம்புத்தூர்க்காரர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டா?" என்றது குரல். "ஆடு வளர்க்கிறவனுக்கு முன்னாலயா?"

"அவனுக்கு முன்னாலதான்."

"சரி, அது பரவாயில்லை." தொண்டையைக் கனைக்கும் சத்தம். "இரு, வைத்துவிடாதே. இங்கே ஒருத்தன் என் ரேஸரை எடுத்து மீசையை வழித்துவிட்டு, போனைக் கொடு கொடு என்று என்னை இடித்துக்கொண்டிருக்கிறான். அவனிடமே பேசு."

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். காதில் ரிசீவர், கன்னத்தில் கண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு. எதற்கும் ஆமாம் ஆமாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் முதுகில் அறைந்துகொண்டு அங்கேயே நின்றோம். சமையலறையில் என் பால் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த வாசனை வந்தது, யாரும் போகவில்லை.